வெட்டிய கிளை வேர் பிடிக்கும் வரை

பன்னிரண்டு ரோஜாக் குச்சிகளை ஒரே தொட்டியில் ஊன்றி, பாலித்தீன் உறையால் மூடி வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டிலும் செந்நிறத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. எல்லாம் பிழைத்துக்கொண்டன என்று முடிவு செய்து, உறையைக் கழற்றிவிட்டுத் தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். ஒரு வாரத்திற்குள் துளிர்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிக் கருகின. குச்சிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒன்றில்கூட வேர் இல்லை. சிலவற்றின் அடியில் வெள்ளையாகத் திரண்ட சிறு புடைப்பு மட்டும் இருந்தது. மற்றவை பழுப்பேறி வழவழத்துப் போயிருந்தன.

தண்டுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அந்த மொட்டுகள் துளிர்த்திருந்தன. அதற்கு வேரின் உதவி தேவைப்படவில்லை. துளிர் விட்டதை வேர் விட்டதாக எடுத்துக்கொள்வதே குச்சி நடுபவர்களின் பிழைகளில் அதிகச் செடிகளைக் கொல்வது என்று நான் கருதுகிறேன். ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ ஆகிய மூன்றும் இவ்வாறு ஏமாற்றுவதில் தேர்ந்தவை. ஆகவே வேர் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

கிளையை வெட்டியதும் காயத்தின் மேற்பரப்பில் உள்ள உயிரணுக்கள் உலர்ந்து, தக்கைத் தன்மையுள்ள ஒரு மெல்லிய அடுக்கு அதை மூடுகிறது. நுனிக் கொழுந்திலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் என்ற வளரூக்கி, தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்கி வந்து, மேலும் செல்ல வழியின்றி வெட்டுவாயின் அருகே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தால் தூண்டப்பட்டு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள கேம்பியம் என்னும் வளர்படலத்தை ஒட்டிய உயிரணுக்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிதாகப் பிரியத் தொடங்கி, வேர் முனைகளாக உருவெடுத்து, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. இவற்றையே தாவரவியல் பாடநூல்கள் வேற்றிட வேர்கள் என்று அழைக்கின்றன. வில்லோ, பாப்லர் போன்ற சில மரங்களின் தண்டில் இந்த வேர் முனைகள் முன்கூட்டியே உருவாகி உறங்கிக்கொண்டிருப்பதால், ஈரம் பட்ட சில நாட்களிலேயே அவை வெளிப்பட்டுவிடுகின்றன. மற்றவற்றில் எல்லாமே வெட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். அதற்குச் செடியைப் பொறுத்து 1 வாரமும் ஆகலாம், 3 மாதமும் ஆகலாம்.

வெட்டுவாயில் திரளும் வெள்ளைப் புடைப்பு காலஸ் எனப்படும் காயத் திசுவாகும். பெரும்பாலான செடிகளில் அதுவும் வேரும் தனித்தனியே உண்டாகின்றன. ஒரே சூழல் இரண்டிற்கும் உகந்தது என்பதால் சேர்ந்து தோன்றுகின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றுக்கு உறுதி அளிப்பதில்லை.

வேர் வரும் வரையான இடைக்காலத்தில் இலைகள் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்க, அதை ஈடுகட்ட வெட்டுவாய் வழியே ஏறும் சொற்ப நீரைத் தவிர வேறு வரவு இல்லை. வரவைக் கூட்டுவதற்காக நாம் அடியை நனைத்துக்கொண்டே இருந்தால், மூச்சுவிடக் காற்றின்றி அடி அழுகுகிறது. காய்ந்து சாவது, அழுகிச் சாவது என்ற இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டு, கிளைக்குத் தேவையான நாட்களைத் தருவதுதான் இங்கே நம் வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலும் இந்த இரண்டில் ஒன்றைத் தடுப்பதற்காகவே செய்யப்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த அறிவுரையைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

கிளையைத் தேர்ந்தெடுத்தல்

பலரும் வேர் விடத் தூண்டும் ஊக்கிப் பொடியிலும் மண் கலவையிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் கிளையைத் தேர்வதில் காட்டுவதில்லை. என் அனுபவத்தில், பாதி வெற்றி கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

தாய்ச்செடி நோயற்றதாகவும், நீர் குடித்துத் திமிர்ந்து நிற்பதாகவும் இருக்க வேண்டும். வாடிய செடியிலிருந்து வெட்டிய கிளை கடனோடு பயணம் தொடங்குகிறது. முந்தைய நாள் மாலையில் தாய்ச்செடிக்கு நன்றாக நீர் ஊற்றிவிட்டு, மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுவதே சரியான முறை. தழைச்சத்து உரம் மிகுதியாக இட்டு வளர்த்த செடியின் கிளைகள் பச்சைப்பசேலென்று கொழுத்துத் தெரிந்தாலும், அவற்றில் நீர்தான் அதிகம், சேமிப்பு குறைவு. வெட்டத் திட்டமிட்டிருந்தால் அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அத்தகைய உரத்தை நிறுத்திவிடுங்கள்.

இளம் செடியின் கிளை, முதிய செடியின் கிளையைவிட எளிதில் வேர் விடும். முதிய செடி மட்டுமே கிடைக்குமானால், முதலில் அதைக் கவாத்து செய்துவிட்டு, அடிப்பகுதியிலிருந்து புதிதாகக் கிளம்பும் போத்துகளை எடுத்துக்கொள்வது பயன் தரும். ஆனால் ஒட்டுச் செடியாக இருந்தால் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே கிளம்பும் போத்து, நீங்கள் விரும்பிய ரகத்துடையது அன்று; அது ஒட்டுக்கு வேராக அமைந்த அடிக்கன்றுக்குச் சொந்தமானது. ரோஜாவில் இதைக் கவனிக்காமல் வெட்டி நட்டு, ஓராண்டு வளர்த்து, எதிர்பாராத பூவைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

பூவோ மொட்டோ உள்ள கிளை தன் சேமிப்பைப் பூவுக்கே செலவிடும். முடிந்தவரை பூக்காத கிளையை எடுங்கள்; வேறு வழியில்லை என்றால் மொட்டுகளை உடனே கிள்ளிவிடுங்கள்.

கிளையின் முதிர்ச்சியை விரலால் வளைத்தே அறியலாம். நுனியிலிருந்து ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கயிறுபோலத் துவண்டு மடிந்தால் அது இன்னும் பிஞ்சு, நட்டால் அழுகும். பட்டென்ற ஓசையுடன் முறிந்தால் அது மென்தண்டு. ஈரப்பதம் நன்றாகக் காக்கப்படும் இடத்தில் விரைவில் வேர் விடும், அதே விரைவில் வாடவும் கூடும். முறியாமல் வில்லாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் அது இடைமுற்றிய தண்டு. அடியில் பச்சை மங்கிப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும். வீட்டில் செய்பவர்களுக்கு இதுவே மிகவும் பொறுத்துப் போகிறது. செம்பருத்தி, ரோஜா, மல்லிகை, நந்தியாவட்டை, குரோட்டன் ஆகிய எல்லாவற்றிற்கும் பென்சில் பருமனோ அதைவிடச் சற்று மெல்லியதோ ஆன இடைமுற்றிய தண்டையே நான் தேடுகிறேன். வளைக்கவே முடியாத முற்றிய குச்சி, திராட்சை, அத்தி, மாதுளை போன்றவை இலையுதிர்த்து ஓய்வில் இருக்கும் காலத்தில் வெட்டுவதற்கு ஏற்றது. இலையே இல்லாததால் அது காய்ந்துவிடும் என்ற கவலை குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

கிளை எந்தத் திசையில் வளர்ந்தது என்பதும் சில மரங்களில் முக்கியமாகிறது. கூம்பாக நிமிர்ந்து வளரும் அரௌகேரியாவின் பக்கக் கிளையை வேர்விடச் செய்தால், அது தனிச் செடியான பிறகும் பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும், நிமிராது. தன் பழைய இடத்தை மறக்காத கிளை அது.

எதை நடலாம், எதை விடலாம்

முதன்முறையாக முயல்பவர்கள் புதினா, கற்பூரவல்லி, கோலியஸ், மணி பிளான்ட் போன்றவற்றில் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரங்களிலேயே வேரைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்த நிலையில் மல்லிகை, கனகாம்பரம், செம்பருத்தி, ரோஜா, ரோஸ்மேரி ஆகியவை 4 முதல் 8 வாரங்கள் எடுத்துக்கொள்கின்றன. காகிதப்பூ 2 அல்லது 3 மாதம்கூடக் காக்க வைக்கும். முருங்கையோ, ஒரு மீட்டர் நீளக் கிளையை அப்படியே மண்ணில் ஊன்றினாலும் பிழைத்துக்கொள்ளும் தாராளமான மரம்.

மா மரத்தின் முதிர்ந்த கிளை எளிதில் வேர் விடுவதில்லை. அதனால்தான் அதை ஒட்டுக் கட்டுகிறார்கள். தென்னை, பனை போன்றவற்றின் தண்டில் கேம்பியமும் இல்லை, வெட்டி நடக் கிளையும் இல்லை. கறிவேப்பிலையைக் குச்சியில் வளர்க்க மாதக்கணக்கில் போராடுவதைவிட, அதன் விதையையோ, வேரிலிருந்து பக்கத்தில் முளைக்கும் கன்றையோ எடுத்து வைப்பது மேல்.

வெட்டும் முறை

கத்தி அல்லது கத்தரியின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய திசுதான் அழுகலுக்கு முதல் வாசல். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வேறு செடிக்கு மாறும்போது மீண்டும் துடையுங்கள். ஒரு செடியின் வைரஸ் நோய் இன்னொன்றிற்குப் போவதற்குக் கத்தரி நல்ல வாகனம்.

மென்தண்டு என்றால் 8 முதல் 12 சென்டிமீட்டர், இடைமுற்றிய தண்டு என்றால் 12 முதல் 18 சென்டிமீட்டர், முற்றிய குச்சி என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் போதும். நீளமான துண்டு விரைவில் பெரிய செடியாகிவிடும் என்ற எண்ணத்தில் பலர் ஒரு முழ நீளத்திற்கு வெட்டுகிறார்கள். இலை மிகுந்த கிளையானால் அதற்கு நீர் கொடுத்து மாளாது. ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது 3 கணுக்கள் இருக்கட்டும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, அரை சென்டிமீட்டர் இடைவெளிக்குள், விழ வேண்டும். பல செடிகளில் கணுவை ஒட்டியே வேர் எளிதாகக் கிளம்புகிறது. கணுவுக்குக் கீழே நீளமாக விடப்படும் வெற்றுத் தண்டோ அழுகத் தொடங்கி மேலே பரவுகிறது.

கணுவின் முக்கியத்துவத்தை மணி பிளான்ட் நன்றாகக் காட்டுகிறது. கணு இல்லாமல், இலையையும் அதன் காம்பையும் மட்டும் நீரில் வைத்தால் சில வாரங்களில் வேர்கூட வந்துவிடும். ஆனால் கொழுந்து விட மொட்டு இல்லாததால், அந்த ஒற்றை இலை எத்தனை மாதமானாலும் ஒற்றை இலையாகவே நிற்கும்.

தலைகீழாக நட்ட துண்டு சரியாக வேர் பிடிக்காது. எந்த முனை மண்ணை நோக்கி இருந்ததோ அந்த முனையே மண்ணுக்குள் போக வேண்டும். இலையில்லாத குச்சிகளில் இது எளிதில் குழம்பிவிடும் என்பதால், அடியை நேராகவும் தலைப்பைச் சாய்வாகவும் வெட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சாய்வான வெட்டில் நீர் தங்காது என்பது உபரி நன்மை.

மண்ணுக்குள் போகும் பகுதியில் உள்ள இலைகளை முழுவதும் நீக்குங்கள். மேலே 2 முதல் 4 இலைகள் இருந்தால் போதும். அவை செம்பருத்தி இலைபோல அகலமானவையாக இருந்தால் ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக நறுக்கிவிடுங்கள். எல்லா இலைகளையும் நீக்கிவிடலாமே என்று தோன்றலாம். பச்சைத் தண்டில் அது தவறு, ஏனென்றால் வேரைத் தூண்டும் பொருளும் அதற்கு வேண்டிய உணவும் பெரும்பகுதி இலையிலிருந்துதான் இறங்கி வருகின்றன. கடினப்பட்ட தண்டாக இருந்தால், அடியில் ஒரு பக்கமாக 2 சென்டிமீட்டர் நீளத்திற்குப் பட்டையை மெல்லச் சீவிவிடுவது வேர் வெளிவர இடம் கொடுக்கும்.

பால் வடியும் செடிகளுக்கு வேறு ஒழுங்கு உண்டு. ஆல், அத்தி இனமான ஃபைக்கஸ் வகைகளின் வெட்டுவாயை நீரில் கழுவிப் பால் நின்ற பிறகு நட வேண்டும். ஈழத்தலரி, கள்ளி, சதைப்பற்றுச் செடிகள் ஆகியவற்றை வெட்டிய உடனே நடவே கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, வெட்டுவாய் தொட்டால் தோல்போல உலர்ந்திருக்கும் வரை, சிறிய துண்டுகளுக்குச் சில நாட்களும் பருத்த ஈழத்தலரிக் கிளைக்கு 1 அல்லது 2 வாரமும் விட்டுவிட வேண்டும். அரளியின் எல்லாப் பகுதிகளுமே நஞ்சு என்பதாலும், கள்ளிப் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதாலும், இவற்றைக் கையுறை அணிந்து வெட்டுவதும் பின்னர் கையையும் கத்தரியையும் கழுவுவதும் கட்டாயம்.

மற்ற கிளைகளை வெட்டியவுடன் ஈரத்துணியில் சுற்றியோ, நீர் தெளித்த பாலித்தீன் பைக்குள் போட்டோ நிழலில் வையுங்கள், அன்றே நட்டுவிடுங்கள்.

வேர் ஊக்கி பற்றி

ஓட்ஸ் முளையின் நுனியில் சுரக்கும் வளர்ச்சிப் பொருளை, அதாவது ஆக்சினை, பிரித்தெடுத்துக் காட்டியவர் டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட். அது 1928-இல் வெளியானது. 1935-இல் சிம்மர்மன், வில்காக்ஸன் என்ற இருவர், செயற்கையாகத் தயாரித்த ஆக்சின் வகையான இண்டோல் பியூட்ரிக் அமிலம் தண்டுகளை வேர்விடத் தூண்டுவதைக் கண்டனர். இன்று பொடியாகவும் களிம்பாகவும் கிடைக்கும் வேர் ஊக்கிகளில் பெரும்பாலானவற்றின் சத்து, ஐ.பி.ஏ. என்று சுருக்கமாக வழங்கப்படும் இதே அமிலம்தான். மென்தண்டுக்கு 0.1 சதவீதம், இடைமுற்றியதற்கு 0.3 சதவீதம், முற்றிய கட்டைக்கு 0.8 சதவீதம் என்ற அளவுகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன. அளவு கூடினால் பலன் கூடாது; மிகுந்த செறிவு வெட்டுவாயைக் கருக்கி, மொட்டு விரிவதையும் தடுக்கும்.

பொடியைச் சிறிது தனியே ஒரு தாளில் கொட்டிக்கொண்டு, ஈரமான அடியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோய்த்து, விரலால் தட்டி மிகுதியை உதிர்த்துவிடுங்கள். புட்டிக்குள்ளேயே குச்சியை விடுவது கூடாது, ஏனெனில் ஈரமும் பூஞ்சையும் உள்ளே போய் மொத்தப் பொடியையும் கெடுக்கும். மீந்ததைப் புட்டியில் திருப்பிக் கொட்டாதீர்கள். புட்டியை இறுக மூடி, ஒளி படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான் வீரியம் நீடிக்கும். சில ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த பொடியும் சாதாரண மாவும் ஏறக்குறைய ஒன்றே.

தேன், இலவங்கப்பட்டைத் தூள், சோற்றுக்கற்றாழைக் கூழ் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். இலவங்கப்பட்டைத் தூளும் தேனும் பூஞ்சையை ஓரளவு தடுக்கக்கூடும். ஆனால் இவற்றை ஆக்சினுக்கு மாற்றாகக் கருத முடியாது. கற்றாழைக் கூழில் தோய்த்தவற்றுக்கும் வெறுமனே நட்டவற்றுக்கும் நான் பெரிய வேறுபாடு கண்டதில்லை. புதினா, கோலியஸ் போன்ற எளிய செடிகளுக்கு எந்த ஊக்கியும் தேவையே இல்லை. ஊக்கியின் அருமை காகிதப்பூவிலும் ரோஜாவிலும்தான் தெரியும்.

மண் அல்ல, கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புவதும், மண்புழு உரத்தைத் தாராளமாகக் கலப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுகள். வேர் இல்லாத துண்டால் உரத்தைப் பயன்படுத்திக்கொள்ள இயலாது. அதன் உப்பும் நுண்ணுயிர்களும் வெட்டுவாய்க்குத் தொல்லையே தரும். வேண்டியதெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றையும் உள்ளே விடும் பொருள். கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கும், பெர்லைட் என்ற எடையற்ற வெண்ணிறத் துகள் அல்லது கழுவிய பருமணல் ஒரு பங்கும் கலந்தால் போதுமானது. கோகோபீட்டில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், முதலில் 2 அல்லது 3 முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். மணல் என்றால் மாவுபோல நைந்தது அல்ல, விரலிடையில் தேய்த்தால் சொரசொரக்கும் பருமணல். பழைய கலவையை மறுமுறை பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், கொதிநீரை ஊற்றி ஆறவிட்டு வடித்த பிறகு பயன்படுத்துங்கள். சதைப்பற்றுச் செடிகளுக்கு மணலின் பங்கு முக்கால்வாசி இருக்கட்டும்.

ஈரம் சரியா என்று அறிய ஒரு கைப்பிடிக் கலவையை எடுத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கிடையே நீர் வழிந்தால் மிகை. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறை. ஒன்றிரண்டு துளிகள் மட்டும் கசிந்து, உருண்டை உடையாமல் நின்று, விரலால் தட்டியதும் பிளந்தால் அதுவே சரியான பதம்.

அடியில் துளையுள்ள சிறிய தொட்டியோ கோப்பையோ போதும். பெரிய தொட்டியில் குறுகலான துண்டைத் தனியே நட்டால் சுற்றியுள்ள கலவை நாட்கணக்கில் உலராமல் சதசதவென்று கிடக்கும். முதலில் ஒரு குச்சியால் துளையிட்டு, அதில் துண்டை இறக்குங்கள். நேரடியாகச் சொருகினால் ஊக்கிப் பொடி மேலேயே வழிக்கப்பட்டுவிடும், அடியும் சிராய்க்கும். குறைந்தது ஒரு கணுவாவது, இயன்றால் இரண்டு கணுக்கள், கலவைக்குள் இருக்கட்டும். இரு பக்கமும் விரல்களால் அழுத்தி, தண்டுக்கும் கலவைக்கும் இடையே வெற்றிடம் இல்லாமல் செய்து, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிடுங்கள்.

மூடி வைத்தல்

நட்ட தொட்டியின் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டலாம், அல்லது அடியை வெட்டிய நெகிழிப் புட்டியைக் கவிழ்க்கலாம். உள்ளே காற்று ஈரமாக இருந்தால் இலை இழக்கும் நீர் பெருமளவு குறைந்துவிடும். பை இலைகளில் ஒட்டினால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நான்கு குச்சிகளை ஊன்றி அதைத் தாங்கச் செய்யுங்கள்.

மூடிய தொட்டியை நேர் வெயிலில் வைப்பது, உள்ளே இருப்பதை வேகவைப்பதற்குச் சமம். ஆனால் இருண்ட மூலையும் உதவாது. இலை உணவு தயாரிக்க ஒளி வேண்டும். கையை நீட்டினால் மங்கலான நிழல் விழும் அளவுக்கு, வெயில் நேரே படாத சன்னலோரம் பொருத்தமானது. கலவையின் வெப்பநிலை 21 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வேர் விரைவில் உருவாகும். குளிர்ந்த தரை மேல் வைக்காமல் பலகை மேல் வைப்பதே குளிர்காலத்தில் கணிசமான வேறுபாட்டைத் தரும்.

காலையில் உறையின் உட்புறம் மெல்லிய ஆவி படிந்து, பகலில் மறைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நாள் முழுவதும் துளித்துளியாக நீர் வழிந்துகொண்டே இருந்தால் ஈரம் மிகை. உறையை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். எப்படியும் 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் திறந்து காற்றை மாற்றுவது நல்லது. கள்ளி, சதைப்பற்றுச் செடி, ஈழத்தலரி ஆகியவற்றை மட்டும் மூடவே கூடாது; ரோஸ்மேரி, லாவண்டர் போன்ற மெல்லிலைச் செடிகளையும் அரைகுறையாக மூடினால் போதும்.

காத்திருப்பதும் கண்காணிப்பதும்

இந்தக் கட்டத்தில் கை சும்மா இருக்க மறுக்கிறது. வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசையால், அப்போதுதான் அரும்பிய, நூலைவிட மெல்லிய வேர் முனைகள் முறிந்துபோகின்றன. முறிந்த பிறகு அந்தத் துண்டு எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும்; அதற்குள் அதன் சேமிப்பு தீர்ந்திருக்கும்.

பிடுங்காமல் அறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஒளி ஊடுருவும் கோப்பையில் நடுவது: அதைக் கருப்புத் தாளால் சுற்றி வைத்து, தேவையானபோது தாளை விலக்கிச் சுவரோரம் வெள்ளை வேர் ஓடுகிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது, 4 வாரத்திற்குப் பிறகு தண்டை இரு விரலால் பிடித்து, ஒரு தாளைத் தூக்கும் விசையோடு மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பது. வேர் இருந்தால் தண்டு கலவையைப் பற்றிக்கொண்டு சிறிது எதிர்ப்புக் காட்டும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு மேலே வரும். எதிர்ப்பு தெரிந்த நொடியே விட்டுவிடுங்கள். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை நுனி தெரிவதே ஐயத்திற்கு இடமற்ற சான்று.

துளிர்த்த இலைகளும் ஒரு குறிப்புத் தரும். சேமிப்பில் விரியும் துளிர் இரண்டு மூன்று சிறிய இலைகளோடு நின்றுவிடும். வேர் செயல்படத் தொடங்கியதும் அடுத்தடுத்த இலைகள் முந்தையவற்றைவிடப் பெரியதாக, இடைக்கணு நீண்டு, வரத் தொடங்கும்.

பழைய இலை ஒன்று மஞ்சளாகி உதிர்வதால் கலங்க வேண்டாம்; உதிர்ந்ததை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். தண்டின் அடி கருத்து, அந்தக் கருமை மேலேறினால் அழுகல் தொடங்கிவிட்டது. அழுத்தினால் பட்டை வழுக்கிக்கொண்டு கழலும், புளித்த வாடையும் வரும். மேற்பகுதி இன்னும் பச்சையாக இருந்தால், கருமை முற்றும் நீங்கும் வரை மேலே வெட்டி, உட்புறம் தூய பச்சை வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்து, புதிய கலவையில் மறுபடி நடலாம். கூட நட்டவற்றைக் காக்க, அழுகியதைத் தயங்காமல் அகற்றுங்கள். ஒரே வகையில் 10 துண்டுகள் நட்டால் 6 பிழைப்பது நல்ல விளைவுதான். ஒரே ஒரு செடி வேண்டுமென்றாலும் ஐந்தாறு துண்டுகள் நடுவது இதற்காகவே.

நீரில் வேர் விடச் செய்தல்

கண்ணாடிக் குவளையில் வேர் இறங்குவதைப் பார்ப்பது இன்பமான காட்சி. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. புதினா, துளசி, கோலியஸ், மணி பிளான்ட் போன்ற மென்தண்டுச் செடிகளுக்கு இது போதுமானது. கட்டைத் தண்டுகளில் பெரும்பாலானவை நீரில் வேர் விடுவதற்கு முன் அழுகிவிடுகின்றன. காரணம் உயிர்வளி (ஆக்சிஜன்) பற்றாக்குறைதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அசையாத நீரில், வெட்டுவாயைச் சுற்றி இருப்பது தீர்ந்துவிட்டால் புதியது வந்து சேரவும் நேரமாகிறது. அதனால்தான் 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்ற வேண்டும். குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. நீருக்குள் ஓர் இலைகூட மூழ்கக் கூடாது. பாசி பிடிப்பதைத் தடுக்க நிறமுள்ள கண்ணாடிக் குவளையைப் பயன்படுத்தலாம்.

நீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியக்கூடியது. மண்ணைத் துளைத்துப் பழகாதது. அதை நீளமாக வளரவிட்டு, குவளையைச் சுற்றிச் சுருண்ட பிறகு மண்ணில் வைத்தால் செடி வாரக்கணக்கில் திணறும். வேர்கள் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்தை அடைந்ததுமே மாற்றிவிடுங்கள். மாற்றிய முதல் வாரம் கலவை வழக்கத்தைவிட ஈரமாக இருக்கட்டும், தொட்டி மூடியே இருக்கட்டும். பிறகு படிப்படியாக நீரைக் குறையுங்கள்.

இலையிலிருந்தே செடி

சில செடிகளுக்குத் தண்டே வேண்டாம். ரணகள்ளியின் இலையை ஈரமண் மேல் கிடத்தினால் விளிம்பின் பள்ளங்களிலெல்லாம் குட்டிச் செடிகள் முளைக்கும். "கட்டிப்போட்டால் குட்டி போடும்" என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள். ஆப்பிரிக்க வயலட்டின் இலையை 3 சென்டிமீட்டர் காம்போடு சாய்வாக ஊன்றினால் இரண்டு மூன்று மாதங்களில் அடியில் கன்றுகள் தோன்றும். ஸ்நேக் பிளான்ட் இலையை 6 முதல் 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாயை ஓரிரு நாள் உலர்த்தி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட்டால் வேர் வரும். கன்று வர மேலும் சில மாதங்களாகும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில், இலைத்துண்டிலிருந்து பிறக்கும் கன்று விளிம்பை இழந்து முழுப் பச்சையாக வரும். இருவேறு மரபணுத் திசுக்கள் அடுக்கடுக்காக அமைந்து அந்த விளிம்பை உண்டாக்குகின்றன. புதுக் கன்றில் அந்த அடுக்கமைப்பு திரும்பி வருவதில்லை. மஞ்சள் விளிம்பு வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதே வழி.

வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

வேர் உறுதியான பிறகும் உறையை ஒரே நாளில் எடுக்கக் கூடாது. ஈரக் காற்றிலேயே விரிந்த இலைகளின் மேற்பூச்சு மெல்லியது. வறண்ட காற்று அவற்றைச் சில மணி நேரத்தில் வாட்டிவிடும். முதல் இரண்டு நாட்கள் உறையில் சில துளைகள் இடுங்கள். அடுத்த இரண்டு நாட்கள் மாலையில் மட்டும் எடுங்கள். பிறகு இரவு முழுவதும், பிறகு பகலிலும் என்று 7 முதல் 10 நாட்களுக்குள் முற்றிலும் விலக்குங்கள். இடையில் இலை தொங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

வேர்கள் கிளைவிட்டுக் கலவையை உருண்டையாகப் பிடித்த பிறகே தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்போதும் தண்டைப் பிடித்துத் தூக்காமல், தொட்டியைச் சாய்த்து உருண்டையோடு கையில் ஏந்துங்கள். காகிதப்பூவின் வேர் தொட்டாலே ஒடியும் இயல்புடையது. அதைத் தொடக்கத்திலேயே தனிக் கோப்பையில் நட்டு, மாற்றும்போது கோப்பையையே கிழித்துவிடுவது பாதுகாப்பானது. புதிய தொட்டி பழையதைவிட ஒரு சுற்று பெரிதாக இருந்தால் போதும். உரத்தைப் புதிய இலைகள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, பொதியில் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்து இடலாம். வெயிலுக்கும் இதே ஒழுங்குதான்: முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், ஒவ்வொரு வாரமும் சற்றுக் கூடுதலாக. முதல் ஆண்டில் வரும் முதல் மொட்டை, மனம் ஒப்பாவிட்டாலும், கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்து வேருக்குப் போகட்டும்.